இரு கண்களையும் இமைக்கவும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். ஆய்வுக் கட்டுரைத் தலைப்புக்கான விண்ணப்பத்தில், 'ஆய்வுக்கு உட்படுபவர்' என்ற கட்டத்துக்குள் 'அப்பா' என்று எழுதிவிட்டேன்.

எழுதும்போது தவறு என்று தோன்றவில்லை. மாலைக் கல்லூரி அலுவலகத்தில் நீட்டியபோதுதான் தெரிந்தது. தலைப்புக் குழுவின் செயலர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். எறும்பைப் பிடிப்பது போல.

“இது யாரு?”

“எங்கப்பா சார்.”

“அது சரிம்மா. உனக்கு அப்பா. குழுவுக்கு அவர் யாரு?”

எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவசரத்தில் அடித்துவிட்டு, 'ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்' என்று எழுதினேன். அவர் அதையும் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“ஒருத்தரை வச்சுக் குடும்பம் நடத்தலாம்மா. ஆராய்ச்சி நடத்த முடியாது. புதுப் படிவம் வாங்கிக்கோ. அடிச்ச படிவத்தைக் குழு தொடாது.”

புதுப் படிவம் கல்லூரிக்கு எதிரே உள்ள நகலகத்தில் கிடைக்கும். பகலில் நான் வேலை செய்வதே அந்த நகலகத்தில்தான். என்னுடைய படிவத்தை நானே நகல் எடுத்து, நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன்.

கடைக்கார அக்கா கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடி, பேப்பர் சிக்கின மெஷின் மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?”

சொன்னேன். இந்த ஆண்டு எல்லோரும் 'தொழில்நுட்பமும் சமூகமும்' என்ற பொருளில்தான் கட்டுரை எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் ஆளுக்கொரு தலைப்பைக் குழுவிடம் அங்கீகாரம் வாங்கிவிட வேண்டும். வாங்காதவர்கள் அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

அக்கா மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழைய தலைப்புகள் கட்டுக் கட்டாக இருந்தன.

“இந்தா, பார்த்து எடுத்துக்கோ. 'கைபேசியும் இளைஞர்களும்: ஒரு பார்வை.' 'இணையமும் இல்லத்தரசிகளும்: ஒரு பார்வை.' போன வருஷம் 'ஒரு பார்வை' நல்லாப் போச்சு. இந்த வருஷம் 'மீள்பார்வை' கேக்குறாங்க.”

“இதையெல்லாம் யாருக்கா படிப்பாங்க?”

“படிக்கிறதுக்கா எழுதுறாங்க? நான் நகல் எடுத்துத் தைச்சுக் குடுக்குறேன். அவங்க அலமாரியில வைக்கிறாங்க. அலமாரி நெறஞ்சா எடைக்குப் போடுறாங்க, அது எனக்கே திரும்பி வருது. பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கும். கிறுக்கிப் பார்க்க உதவும்.”

எனக்குப் பார்வையும் வேண்டாம், மீள்பார்வையும் வேண்டாம் என்றேன். என்னிடம் ஒரு தலைப்பு இருக்கிறது. அது நல்ல தலைப்புதானா என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். குழுவில் கேட்டால் உளறக் கூடாது.

அப்பா ஓய்வூதியம் வாங்குகிறவர். தாம் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒரு முறை அவர் நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது வீட்டில் இருந்தபடியே நிரூபிக்கலாம் என்று வசதி செய்திருக்கிறார்கள். அதாவது, வேறெங்கு இருந்தும் நிரூபிக்க முடியாது. கைபேசியில் செயலியைத் திறந்தால் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தைக் காட்ட வேண்டும். 'இரு கண்களையும் இமைக்கவும்' என்று ஒரு பெண்குரல் கனிவாகச் சொல்லும். இமைத்தால் வட்டம் பச்சையாகும். பச்சையானால் உயிரோடு இருக்கிறோம் என்று பொருள்.

அப்பாவின் வலது கண் இமைக்காது. காதுக்குப் பின்னால் இருந்த கட்டியை அறுத்து எடுத்தபோது, முகத்து நரம்பு ஒன்றும் அதோடு போய்விட்டது. வலப்பக்கம் முழுவதும் அசைவு இல்லை. தேநீர் குடித்தால் அந்தப் பக்கம் வழியும். தூங்கும்போதும் அந்தக் கண் திறந்தே கிடக்கும். காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டு மருந்து விட்டு, இமையை மெல்ல இழுத்து மூடி, மேலே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா ஒட்டினாள். இப்போது நான் ஒட்டுகிறேன்.

செயலிக்கு நரம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பா இடக்கண்ணை இமைப்பார். “இரு கண்களையும்” என்று அந்தப் பெண் மறுபடி சொல்வாள். அவள் குரலில் கோபமே வராது. கடைசியில் சிவப்பு வட்டம் வரும். 'உயிர்நிலை உறுதி செய்யப்படவில்லை.'

ஓய்வூதியம் நின்றுவிட்டது. அப்பா முதலில் சிரித்தார்.

“முப்பது வருஷம் கண்ணை இமைக்காம வண்டி ஓட்டுன்னு சம்பளம் குடுத்தாங்க. இப்ப இமைச்சாத்தான் பணம்கிறாங்க. ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்கடா.”

அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தோம். கவுண்டரில் இருந்தவர் அப்பாவைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, நான் காலேஜ் போறப்ப உங்க வண்டிதான். ஓடி வந்தா நிறுத்துவீங்க.” பிறகு உட்கார்ந்து, திரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“நீங்க உயிரோட இருக்கிறது எனக்குத் தெரியுதுண்ணே. எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?”

இமைக்க இயலாதவர்களுக்கு விலக்கு உண்டாம். அதற்கு ஒரு விண்ணப்பமும் இருக்கிறதாம். செயலிக்குள் நுழைந்தால் அது திறக்கும். செயலிக்குள் நுழைய இரு கண்களையும் இமைக்க வேண்டும்.

அம்மா இறந்ததை இதே அலுவலகம் இரண்டே நாளில் ஒப்புக்கொண்டது. யாரும் அவளை எதையும் செய்து காட்டச் சொல்லவில்லை.

கல்லூரியின் விளக்கக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: 'ஏற்கப்பட்ட கட்டுரைகள் தொடர்புடைய துறைகளின் பார்வைக்கு அனுப்பிவைக்கப்படும்.' ஒரு நாள் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றிலிருந்து அவர் செயலியைத் தொடுவதை விட்டுவிட்டார்.

“உன் கட்டுரை போகும்ல? பெரிய எடத்துல படிப்பாங்கல்ல? படிச்சா அவங்களுக்கே புரிஞ்சிடும்டா. அவங்க என்ன கெட்டவங்களா, தெரியாதவங்கதான?”

மார்ச் 10, செவ்வாய்

புதுப் படிவத்தில் தலைப்பை இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'இரு கண்களையும் இமைக்க இயலாத ஒருவர் தம் உயிரை இயந்திரத்திடம் நிரூபிப்பதில் உள்ள இடர்கள்.'

தலைப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கல்லூரியில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். அதன் கணினிக்கு மேல் ஒரு சால்வை போர்த்தியிருந்தது. திறப்பு விழாவில் போர்த்தியதாம், இன்னும் யாரும் எடுக்கவில்லை. செயலர் சால்வையை லேசாக விலக்கி என் தலைப்பைத் தட்டச்சு செய்தார். திரையில் சுழியம் வந்தது.

நகல் இல்லை என்று எனக்கு மகிழ்ச்சி. அவர் முகம் வாடிவிட்டது.

“சுழியம் வரக் கூடாதும்மா. மத்தவங்க தலைப்போட நிறைய ஒத்துப்போனா காப்பின்னு தள்ளிடுவோம். ஒண்ணுமே ஒத்துப்போகலன்னா?”

“புதுசுன்னு அர்த்தமா சார்?”

“இவ்வளவு பெரிய உலகத்துல இத யாருமே யோசிக்கலன்னா, யோசிக்க அதுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

எனக்கு முன்னால் நின்ற மாணவரின் 'கைபேசியும் முதியோரும்: ஒரு மீள்பார்வை' சரியான அளவில் ஒத்துப்போனதாம். அவருக்கு உடனே முத்திரை விழுந்தது. வெளியே வந்து என்னிடம் கேட்டார், “இதுல முதியோர்னா எத்தனை வயசுலேர்ந்து?” தெரியவில்லை என்றேன். அவரும் பரவாயில்லை என்றார்.

செயலர் கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பின்னாடி ஒரு 'நவீன சமூகமும்' சேர்த்துப் பாரேன். எல்லார் தலைப்புலயும் அது இருக்கு. கொஞ்சம் ஒத்துப்போகும்.” சேர்த்தேன். தலைப்பு வால் முளைத்ததுபோல் ஆனது. இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அடுத்த செவ்வாய் குழுவுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

வால் சேர்த்தது சரியா என்று வழியெல்லாம் யோசித்தேன். அப்பாவிடம் சொன்னபோது, “வண்டின்னா பின்னாடி ஒரு பம்பர் இருக்கணும்ல” என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

குழுவின் அறை மிகவும் குளிராக இருந்தது. குளிரூட்டியைக் குறைக்கும் பொத்தான் எங்கே என்று யாருக்கும் தெரியாததால், உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்கிறார்கள். சுவரில் 'மனிதனே மையம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு காலி நாற்காலி. நான் உட்காரப் போனேன். அது விண்ணப்பதாரருக்கு இல்லை என்றார்கள். யாருக்கு என்று கேட்கத் துணிவு வரவில்லை.

பொருள் 'தொழில்நுட்பமும் சமூகமும்' என்பதால் தொழில்நுட்பத்துக்கு ஓர் உறுப்பினர், சமூகத்துக்கு ஓர் உறுப்பினர். இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. எது சொன்னாலும் செயலரிடம் சொல்வார்கள், அவர் திரும்பி மற்றவரிடம் சொல்வார். இது நடைமுறையாம். இவர்களுக்கு மேல் தலைவர்.

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கட்டி, நரம்பு, கண், வட்டம், சிவப்பு.

தொழில்நுட்ப உறுப்பினர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். “கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா இயந்திரம் எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துது. உங்கப்பா மேல அதுக்குத் தனியா ஒரு கோபமும் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் கேக்குது. அதையும் எளிமையான கேள்வியா கேக்குது. அதுக்கே பதில் சொல்ல முடியலன்னா, தப்பு கேள்வியிலயா, கண்ணுலயா?”

“கண்ணுல நரம்பு...”

“அதான் சொல்றேன். கண்ணுல.”

சமூக உறுப்பினரின் கவலை வேறு. “சமூகம்கிறது ரொம்பப் பெரிய விஷயம்மா. அதுக்குள்ள தனித்தனி ஆளுங்களைக் கொண்டுவந்து நெருக்கக் கூடாது. நான் இருபது வருஷமா சமூகத்தைப் பத்தி எழுதிட்டிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் வீட்டுக் கதவைக்கூடத் தட்டினது கிடையாது.”

இதைச் செயலர் தொழில்நுட்ப உறுப்பினரிடம் திருப்பிச் சொன்னார். அவர் மெச்சித் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைச் செயலர் இவரிடம் தெரிவித்தார்.

தலைவர் கடைசியில் பேசினார். கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். அறையில் நான் ஒருத்திதான் வெளியாள்.

“இந்தக் குழு ஆரம்பிச்ச நாள்ல இருந்து எத்தனையோ தலைப்புக்கு அங்கீகாரம் குடுத்திருக்கோம். ஒரு தலைப்பால, ஒரே ஒரு ஆளுக்கு, எந்த விளைவும் வந்தது கிடையாது. அப்படி ஒரு பேர் எடுத்து வச்சிருக்கோம். நீ சின்னப் பொண்ணு. அந்தப் பேரைக் கெடுத்துடாத.”

ஆனாலும் தலைப்பை நிராகரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துவதால் அவருடைய ஒப்புதல் கடிதம் வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பா எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். வாசலுக்கு வந்தபோது செயலர் பின்னாலேயே வந்தார்.

“கடிதத்தோட ஒரு உயிர்ச்சான்றும் இணைச்சிடும்மா. ஒப்புதல் குடுக்கிறவர் உயிரோட இருக்கணும்ல. அந்தச் செயலியில எடுக்கலாம், ரொம்ப சுலபம்.”

மார்ச் 20, வெள்ளி

உயிர்ச்சான்று எடுக்க முடியவில்லை என்பதுதான் ஆய்வே என்று செயலரிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவருக்குப் புரிந்தது. புரிந்த பிறகு, “அப்போ சான்றை மட்டும் குடுத்துடு” என்றார்.

உயிரோடு இல்லாதவர்களை ஆராய விதி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதற்கு ஒப்புதல் வேண்டாம், இறப்புச் சான்றிதழ் போதும். வேடிக்கைக்காகத்தான் கேட்டேன் என்று நினைத்திருந்தேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“அதை வாங்கிடலாமாடா? சும்மா, உன் கட்டுரைக்கு. கட்டுரை போனதும் திருப்பிக் குடுத்துடலாம்.”

“அப்பா, பேசாம இருங்கப்பா.”

“இல்லடா. மாசம் முடியுது. உனக்கு ஒரு வருஷம் வீணாப் போகக் கூடாது.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் முகச்சவரக் கண்ணாடியைச் சன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு இமைத்துப் பழகிக்கொண்டிருந்தார். இடக்கண் மூடித் திறந்தது. வலக்கண் அசையாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல.

விரலால் இமையை இழுத்துக் காட்டினால்? 'முகத்தின் மீது கை உள்ளது' என்றது செயலி. பிளாஸ்திரி ஒட்டிக் காட்டினால்? 'ஒரு கண் மூடியுள்ளது. விழிப்போடு இருக்கவும்.' இவற்றைத் தேதி போட்டுத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு முன்னோட்டத் தரவு வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

என் கூடப்பிறந்த அக்கா பகலில் குழந்தையோடு வந்துவிட்டுப் போனாள். குழந்தை தன் பொம்மையைக் கட்டிலில் மறந்துவிட்டது. ரப்பர் தலையும் பஞ்சு உடம்பும் உள்ள பொம்மை. படுக்க வைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். உள்ளே குண்டு வைத்திருப்பார்கள் போல.

சாயங்காலம் நான் மறுபடி செயலியைத் திறந்தேன். அந்தப் பெண்குரல் இரு கண்களையும் இமைக்கச் சொன்னது. அப்பா பொம்மையை எடுத்துக் கைபேசிக்கு முன்னால் நீட்டினார்.

“இந்தா தாயி, நீயாவது காட்டு.”

பொம்மை பின்னால் சாய்ந்து நிமிர்ந்தது. இமைகள் இரண்டும் டக்கென்று விழுந்து எழுந்தன. வட்டம் பச்சையானது.

'நன்றி. நீங்கள் உயிருடன் இருக்கிறீர்கள்.'

இருவரும் சிரித்தோம். அப்பா அவருக்கு அசைகிற பாதி முகத்தால் சிரித்தார். வலக்கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணில் எப்போதும் நீர் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்த திரையில், 'உயிர்நிலை உறுதி. முகம் பதிவோடு பொருந்தவில்லை' என்று வந்து நின்றுவிட்டது. பொம்மை உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அப்பா இல்லை.

“அதுக்கு என்ன பேர்டா?” என்று கேட்டார் அப்பா.

“பாப்பா அதைக் குட்டிம்மான்னு கூப்பிடும்.”

“குட்டிம்மாவுக்குப் பென்ஷன் வந்தா நம்மளையும் பார்த்துக்கச் சொல்லு.”

இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இயந்திரம் பார்ப்பது உயிரை இல்லை, இமையைத்தான். முன்னோட்டத் தரவுத் தாளின் கடைசியில் அதையும் தேதியிட்டு எழுதினேன். பொம்மையின் உயரத்தையும் அளந்து குறித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

தரவுத் தாளைச் செயலரிடம் கொடுத்தேன். அதற்கு முன்பே, நகல் எடுக்கும்போது கடைக்கார அக்கா படித்துவிட்டார்.

“பொம்மைக் கதையை எடுத்துடுடி.”

“ஏன்கா? அதுதான் முக்கியம்.”

“முக்கியமா இருக்குறதாலதான் சொல்றேன்.”

நான் எடுக்கவில்லை. உண்மையாக நடந்ததை எப்படி எடுப்பது?

மார்ச் 26, வியாழன்

தலைப்பு கிடைத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த முறை குழு அறையில் எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். தொழில்நுட்ப உறுப்பினர் என் தாளைக் கையில் வைத்திருந்தார். கடைசிப் பத்தியின் கீழ் சிவப்பில் இரட்டைக் கோடு.

“அருமைம்மா. ரொம்ப அருமை. இயந்திரம் சரியா வேலை செய்யுதுன்னு இதுவரைக்கும் யாரும் இவ்வளவு சுத்தமா நிரூபிச்சதில்ல. இமைச்சா பச்சை. யார் இமைச்சாலும் பச்சை. ஒரு பாரபட்சம் இல்ல பாருங்க.”

“சார், அது பொம்மை.”

“அதனாலதான் சொல்றேன். சோர்வு கிடையாது, நோய் கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இமைக்கும். இதைவிட நல்ல மாதிரி உனக்கு எங்க கிடைக்கும்?”

சமூக உறுப்பினர் செயலரிடம் ஏதோ சொன்னார். செயலர் எழுந்து நின்று அறிவித்தார், சமூகத்தின் தரப்பிலும் ஆட்சேபணை இல்லை, பொம்மை என்பதால் தனிமனிதர் பிரச்சினை தானாகவே நீங்கிவிட்டது. பிறகு நடக்காதது நடந்தது. உறுப்பினர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். தொழில்நுட்பமும் சமூகமும் இந்த அறையில் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை என்று தலைவர் உணர்ச்சிவசப்பட்டார்.

“பொம்மைக்கு ஒப்புதல் கடிதம் வேண்டாம். உயிர்ச்சான்று?” என்று அவரே கேட்டார்.

“அது ஏற்கெனவே இருக்குங்க ஐயா, உறுதின்னே வந்திருக்கு” என்றார் செயலர்.

நான் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். இரண்டாம் முறையும் கேட்டேன். கட்டுரையில் ஓர் அத்தியாயமாவது? இல்லை, ஒரு பத்தி? பின்னிணைப்பில்?

தலைவர் என்னை அன்பாகத்தான் பார்த்தார். “உங்கப்பா விதிவிலக்கும்மா. விதிவிலக்கை வச்சுத் துறைக்கு அனுப்பினா அவங்க மனசு கஷ்டப்படும். பின்னிணைப்புல பொம்மையோட படம் போடு.”

ஓர் உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். 'இந்த ஆய்வில் மனிதர் எவரும் சம்பந்தப்படவில்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.' மாதம் முடிய இன்னும் சில நாள்தான். இந்த ஆண்டு போனால், நகலகத்தில் அந்த இயந்திரத்தின் சூட்டுக்கு முன்னால் இன்னும் ஓர் ஆண்டு நின்றுவிட்டு, மாலையில் இதே வகுப்பில் உட்கார வேண்டும். அப்பா மறுபடி அந்த இறப்புச் சான்றிதழ் யோசனையோடு வருவார். இப்படியெல்லாம் காரணம் எழுதலாம். கையெழுத்துப் போட்டேன். குளிரில் விரல் விறைத்திருந்ததால் கையெழுத்து என்னுடையது போலவே இல்லை. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

வீட்டில் அப்பா முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைப்பு கிடைத்ததும் அவரைப் பேட்டி எடுப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை.

“என்னடா ஆச்சு?”

“கெடச்சிருச்சுப்பா.”

அவர் நாற்காலியின் கையைத் தட்டினார். “நான் சொன்னேன்ல? எங்க, படி.”

படித்தேன். 'செயற்கை இமைகளின் இயக்கமும் நவீன சமூகமும்: ஒரு மீள்பார்வை.'

“கனமா இருக்கு” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். கொஞ்சம் கழித்து, “செயற்கை இமைன்னா எது?” என்று கேட்டார்.

“பொம்மைப்பா.”

“எந்த பொம்மை? நம்ம குட்டிம்மாவா?”

“ஆமாப்பா.”

“அப்ப நான் இதுல எங்கடா வரேன்?”

நான் விண்ணப்பத்தை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன். அப்பா பதிலுக்குக் காத்திருந்தார். காத்திருக்க வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்த நொடியை நான் பார்த்தேன். இடப்பக்க முகத்தில்தான் தெரிந்தது, வலப்பக்கம் அப்படியே இருந்தது.

“சரி விடு. நம்ம வீட்டுல ஒண்ணாவது பாஸாச்சே.”

சட்டையின் மடிப்பைக் கையால் தடவிவிட்டுக்கொண்டார்.

“அப்ப கேள்வி ஒண்ணும் கேக்க மாட்டியா? நான் எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன்.”

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். எழுதி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அதில்தான் இருந்தன. செயலியின் பயன்பாடு, அணுகுமுறை, மனநிலை, பரிந்துரைகள். ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

“கண்ணு எரியுதாப்பா?”

“எரியுது.”

“ரொம்பவா?”

“நீ வர்ற வரைக்கும் ஒட்டாம வச்சிருந்தேன்ல. பேட்டின்னு சொன்னியே.”

குறிப்பேட்டை மூடிவிட்டுச் சொட்டு மருந்தை எடுத்து வந்தேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். மருந்து விட்டு, இமையை விரல் நுனியால் இறக்கிப் பிடித்தேன். பிளாஸ்திரிச் சுருளில் கடைசித் துண்டுதான் இருந்தது. அதை ஒட்டினேன். இடக்கண்ணை அவரே மூடிக்கொண்டார். இரு கண்களும் மூடியிருக்க, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, என் கைக்குக் கீழே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். வந்தது.

நாளை செய்ய வேண்டியவை: என் அக்கா வீட்டுக்குப் போய், திருப்பிக் கொடுத்த பொம்மையை மறுபடி கேட்டு வாங்க வேண்டும். பாப்பா அழுதால் என்ன சொல்வது என்று வழியில் யோசிக்க வேண்டும். வரும்போது பிளாஸ்திரி.